ஒன்பது கிலோ குறைத்தாயிற்று

அக்கா,

மெசேஜ் அனுப்பினால் படிக்காமலே "வேண்டாம்டா" என்று பதில் போடுகிறாய். அதனால் இதை எழுதி மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படி.

என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, அதில் பாதியை வெட்டி உனக்கு வைக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது உன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததே, அதில் வந்த கோபத்தில் மறுநாளே ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். முட்டி வீங்கி ஒரு வாரம் படுக்கை. புது ஜெனரேட்டரை முதல் நாளே முழு லோடில் ஓட்டாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மெக்கானிக் நான்!

அப்புறம் தினம் பத்து நிமிட நடை. வாரம் ஐந்து நிமிடம் கூட்டினேன். "என்னப்பா, பஸ்ஸை விட்டுட்டியா?" என்று ஒர்க்‌ஷாப்பில் கத்துவார்கள். "ஆமா, துரத்திட்டிருக்கேன்" என்பேன். மழையிலும் விடவில்லை. மூன்றாம் மாதம் நடை தானாகவே ஓட்டமாகிவிட்டது.

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். கல்லீரல் சுத்தம். "அதே ஆள்தானா?" என்று டாக்டரே கேட்டார். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று ஆரம்பிக்காதே. திங்கட்கிழமை காலை உன்னைக் கூட்டிப்போக வருகிறேன். ஏழு கிலோமீட்டர்தானே, ஓடியே வருவேன். தப்பிக்க நினைத்தால் என்னைவிட வேகமாக ஓடு, பார்க்கலாம்.

தம்பி