வெயில் நாளில் ஏறிய புயல்கூண்டு

என் உயிருக்கு உயிரான அண்ணே,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. பினாங்குக்கு அக்கரையில், பாகான் டாலாம் வீட்டில் உன் சட்டையை அண்ணி இன்னும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. நீ இருந்தால், வந்த விஷயத்தைச் சொல் என்று அவசரப்படுத்துவாய். இப்போது வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கோட்டைக் கொடிமரத்தில் நீ வேலை பார்த்த காலம் எவ்வளவு நன்றாக இருந்தது. நாகப்பட்டினத்துக் கப்பல் தூரத்தில் தெரிந்ததும் நீ கொடி ஏற்றுவாய். அதைப் பார்த்துத்தான் நம் வரிசை வீட்டுப் பெண்கள் கூடுதலாக அரிசி களைவோம். ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் சோறு தயாராக இருக்கும். என் அண்ணன் கொடி ஏற்றினால்தான் பினாங்கில் உலை கொதிக்கும் என்று நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமா? அந்தக் காலைகளுக்கு மனசு ஏங்குகிறது அண்ணே.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல் சேதியெல்லாம் ரகசியமாயிற்று, கொடியும் நின்றது. எதையும் வெளியே விடமாட்டோம் என்று உங்களிடம் சத்தியம் வாங்கினார்கள். நீ அண்ணியிடம்கூட மூச்சுவிட்டதில்லை.

அன்றைக்கு நாகப்பட்டினம் போகும் கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. அதில் ஏற வேண்டியவர்கள் பெட்டி படுக்கையோடு துறைமுகப் படியில், கப்பலுக்குக் கொண்டுபோகும் சம்பான் படகுக்குக் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பட்டு அக்காவும் அவர்களில் ஒருத்தி. ஊரில் அவள் அம்மா சாகக் கிடந்தாள். எதிரியின் போர்க்கப்பல் வெளிக்கடலில் திரிகிறது என்று கோட்டைக்குத் தகவல் வந்ததும் அன்றுதான். அதைத் தேடி நம் பக்கத்துக் கப்பல்கள் போகின்றன, அதைப் பிடிக்கும்வரை யாருக்கும் தெரியக்கூடாது, நாகப்பட்டினத்துக் கப்பல் வழக்கம்போலப் புறப்படட்டும் என்று உத்தரவு.

நீ வாயைத் திறக்கவில்லை. புயல்கூண்டை ஏற்றினாய். கூண்டு ஏறினால் எந்தச் சம்பான்காரனும் கயிற்றை அவிழ்க்கமாட்டான் என்பது உன் கணக்கு. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை என்பதை மறந்துவிட்டாயே, என் சாமர்த்தியசாலி! பொய் சொல்லிப் பழகாதவன் பொய் சொன்னால் அப்படித்தான் ஆகும். சம்பான்காரர்கள் கோட்டை வாசலுக்கே வந்து சண்டை பிடித்தார்கள். கடைசியில் நீ உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாய்.

"காத்துமில்ல, மழையுமில்ல. எதிரி கப்பல் வெளிய நிக்குது. சனங்கள ஏத்தாதீங்கலா."

சம்பான்கள் போகவில்லை. ஏற்கெனவே ஏறியிருந்தவர்களோடு கப்பல் புறப்பட்டு, ஒரு கீறல் இல்லாமல் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. உனக்குச் சிறை. வேலையும் போயிற்று. பட்டு அக்கா அடுத்த கப்பல் பிடித்துப் போவதற்குள் அவள் அம்மாவை எரித்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உன் பெயரே புயல்கூண்டு என்று ஆயிற்று. சிறையிலிருந்து வந்து மாட்டுவண்டி ஓட்டினாய். பட்டு அக்கா எதிரே வந்தால் வண்டியை ஓரங்கட்டித் தலையைக் குனிந்துகொள்வாய்.

உன் மச்சான் இன்றைக்கும் என்னோடு வாதாடுகிறார். நீ சொன்ன சொல் எதிரி காதுக்கு எட்டியிருந்தால், தேடிப்போன மாலுமிகள் என்ன ஆகியிருப்பார்கள், அவர்களும் ஒருத்தி பெற்ற பிள்ளைகள்தானே என்பார். இதற்குப் பதில் உனக்குத் தெரிந்திருந்ததா? அந்தக் கப்பல் மூழ்கியிருந்தால் உன்னைத் தெய்வம் என்றிருப்பார்கள். மூழ்காததால் துரோகி என்றார்கள். நீ செய்தது இரண்டுக்கும் ஒன்றுதானே அண்ணே?

இனி சேதி. நேற்று பட்டு அக்கா பினாங்கிலிருந்து ஃபெர்ரி ஏறி உன் வீட்டுக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது. உனக்கு ஏற்றிய விளக்கின் முன்னால் வந்து நின்றாள். அண்ணியும் நானும் என்ன வரப்போகிறதோ என்று பயந்துபோய் இருந்தோம்.

"எங்கம்மா மொகத்தப் பாக்காத கோவம் எனக்கு இன்னும் ஆறல," என்றாள். "ஆனா அந்த ரகசியம் கோட்டையில எத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? அந்தக் கப்பல்ல நான் போறேனேன்னு நெனச்சுப் பாத்தது இவரு ஒருத்தருதான்."

அண்ணி ஓவென்று அழுதாள். இதை அண்ணன் உயிரோடு இருந்தபோதே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இத்தனை வருஷமாக உன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவள், நேற்று உட்கார்ந்து சாப்பிட்டாள்.

உன் கதையைப் பிள்ளைகளுக்கு முழுசாகச் சொல்வேன் அண்ணே, இது சத்தியம். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை மறைக்கமாட்டேன். அந்த மாலுமிகளைப் பற்றிச் சொல்லாமலும் விடமாட்டேன். மாமா செய்தது சரியா என்று அவர்கள் கேட்டால், அன்று படியில் நின்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன், பட்டு அக்காவில் தொடங்கி.

உன் கூடப்பிறந்த வாயாடி,
செல்லம்மா