கேட்டுக்கு எதிரே ஒரு நாற்காலி

சிவமயம்

தி. நகர், சென்னை-17
4-11-73

சிரிக்கப்பிடாது, ஏட்டி பாரதி. நீ சிரிச்சேன்னா இத்தோட நிறுத்திக்கிடுவேன். அத்தை வேலைக்குப் போகலாம்னு இருக்கேன்.

சௌபாக்கியவதி ஜெயபாரதிக்கு அத்தை தேவானை ஆசீர்வாதம். இதைத்தான் மொதல்ல எழுதியிருக்கணும், கை முந்திக்கிட்டுது. இங்க உங்கப்பா, அம்மா, உன் தம்பி அய்யாதுரை எல்லாரும் சுகம். பாத்திரக் கடையில தீவாளி யாவாரம் நல்லா இருந்துதுன்னு உங்கப்பா சொன்னான். உங்கம்மாவுக்கு முட்டுவலி. மழை விடல. நீ பம்பாய்க்குப் போன நாள்லேர்ந்து எனக்குன்னு ஒரு கடுதாசி போட்டதில்ல. உங்கப்பா கடுதாசியில கடைசியில ‘அத்தைக்கும் சொல்லவும்’னு ஒரு வரி வரும், அத நான் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிடுவேன். இருந்தாலும் எனக்குக் கேக்க உன்ன விட்டா வேற யாரு?

அய்யாதுரைக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்குல்லா. மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. முந்தாநாள் உங்கம்மா எனக்குக் காப்பி கொண்டாந்து வச்சா. அவளாக் காப்பி கொண்டாந்தா என்னமோ இருக்குன்னு எனக்குத் தெரியாதா? "மைனி, புதுப் பொண்ணு வெள்ளன எந்திரிச்சு மாடியிலேர்ந்து எறங்கி வருவால்லா..."ன்னு ஆரம்பிச்சா. மேல சொல்ல முடியாம சேலைத் தலைப்ப முறுக்கிக்கிட்டே நின்னா. அவளும் பொல்லாதவ இல்ல. தாலியறுத்தவ மொகத்துல புதுப் பொண்ணு முழிக்கலாமா? எனக்கே அது சரின்னு படல. "நான் வேற எங்கயாவது இருந்துக்கிடுதேன், சுந்தரவல்லி"ன்னு நானே முடிச்சு வச்சேன். அவ மொகத்துல ஒரு நிம்மதி வந்துது. காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடட்டுமான்னு கேட்டா.

ஊருக்குப் போன்னு உங்கப்பா சொல்லுதான். அங்க யாரு இருக்கா? பூட்டுன வீடும் மாமரமும்தான். கபாலி கோயில்ல பிரதோசத்துக்குப் போனப்ப ஒரு அம்மா சொன்னாவ, குளத்துக்குப் பின்னால தெருவுல, வேலைக்குப் போற பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்காம். பிள்ளைகளப் பாத்துக்கிட மேட்ரன் வேணுமாம். தங்க ரூமு, சாப்பாடு, சம்பளமும் உண்டாம். பதினாறாந்தேதி வெள்ளிக்கெழமை பதினோரு மணிக்கு நேர்ல வரச் சொல்லியிருக்காவ. தைக்குள்ள எனக்கு ஒரு எடம் வேணும்டி.

நீ எத்தன ஆபீஸ் ஏறி எறங்கியிருப்ப. என்ன உடுத்தணும், எப்படி நிக்கணும், என்னெல்லாம் கேப்பாவ, வெவரமா எழுது. நான் அஞ்சாங்கிளாஸ், அதையும் மனசுல வச்சுக்கோ.

அத்தை தேவானை


மாதுங்கா, பம்பாய்
9-11-73

அன்புள்ள அத்தைக்கு, பாரதி எழுதுவது.

சிரிக்கவில்லை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். மூடிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

பழைய சேலையில் போகாதீர்கள். தோய்த்துக் கஞ்சி போட்டதாக இருக்கட்டும். புதுசு என்றால், கிளம்பும் முன் யாரையாவது பின்னால் நின்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நான் இங்கே வந்த முதல் நாள், ரயில் தாமதமாகிப் பெட்டியோடு, வீட்டில் உடுத்திக் கிளம்பிய அதே புதுச் சேலையில் நேரே ஆபீசுக்குப் போனேன். சேலையின் பின்பக்கம் மில் லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலம் வரை எனக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. பார்த்துச் சொல்ல ஒருவர் இல்லாமல்தான் நான் அந்த வீட்டிலிருந்து கிளம்பினேன். போகட்டும், அது பழைய கதை.

கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். உட்கார்ந்தால் நாற்காலி முழுக்க உட்காருங்கள், நுனியில் தொற்றிக்கொள்ள வேண்டாம். யார் கேட்கிறார்களோ அவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். அத்தை, இந்த வரியைத் திரும்பவும் ஒரு தரம் படியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் குறைவில்லை. ஆனால் ‘ஏதோ ஒரு மூலையில் கிடந்துக்கிடுதேன்’ என்று மட்டும் வாயில் வரக்கூடாது. அவர்களுக்கு மூலையில் கிடக்க ஆள் வேண்டாம். அம்மா டைபாய்டில் படுத்திருந்தபோது வீட்டையும் எங்களையும் கடை ஆட்களின் சாப்பாட்டையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டீர்களே, அதைச் சொல்லுங்கள். சம்பளத்தை அவர்களே சொல்லட்டும். சொன்னதும் ‘எனக்கு எதுக்கு இவ்வளவு’ என்று சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு ஆபீஸ் விட்டால் அறை, அறை விட்டால் ஆபீஸ். அறையில் கூட இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். நடந்ததை விடாமல் எழுதுங்கள். எனக்கு எழுதும்போது ‘கேட்டதற்கு மட்டும்’ என்ற விதி கிடையாது.

பாரதி


சிவமயம்

தி. நகர்
17-11-73

நீ சொன்னதெல்லாம் அப்படியே செய்யணும்னுதான் போனேன், பாரதி. கடைசியில தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு மாட்டிக்கிட்டேன்.

ஆசீர்வாதம். மொதல்லேர்ந்து சொல்லுதேன். வெள்ளிக்கெழமை பத்தரைக்கு மேல ராகு காலம்லா? பதினோரு மணிக்கு வான்னவங்களுக்கு அது தோணல. முன்னாலயே அந்தக் காம்பவுண்டுக்குள்ள கால வச்சுட்டா தோசமில்லன்னு வெள்ளனயே பனகல் பார்க்குல பஸ் ஏறி, லஸ்ல எறங்கி, கபாலிய வெளியில நின்னே கும்பிட்டுட்டுப் போயிட்டேன். கஞ்சி போட்ட சேலை மழையில நனைஞ்சு அப்பளம் கணக்கா ஆயிட்டுது. வராண்டாவுல ஒரு பெஞ்சு. நாற்காலி முழுக்க உக்காரச் சொன்னியே, பெஞ்சுக்கும் அதுதானான்னு தெரியல. உக்காந்தேன்.

அங்கதான் வெனை. பிள்ளைக ஒவ்வொருத்தியா மாடியிலேர்ந்து எறங்கி ஆபீசுக்குக் கெளம்புதாளுக. என் பெஞ்சு வாசலுக்கு நேர் எதுத்தாப்ல. பொழைக்கப் போற பிள்ளைகளுக்கு எதுக்க வெள்ளச் சேலைக்காரி உக்காந்திருக்கலாமா? பைய எந்திரிச்சுத் தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். ஒருத்தி போனதும் தலைய நீட்டிப் பாக்குதது, அடுத்தவ வந்தா உள்ள இழுத்துக்கிடுதது. அந்தத் தூணுகிட்டதான் எல்லாரும் செருப்பு விடுத எடமாம். எனக்கென்ன தெரியும்?

அந்நேரம் பாத்து ஒரு பிள்ளை கையில ஃபைலோட தடதடன்னு எறங்குது. சீதான்னு பேரு. "சீத்தாம்மா, பேங்க்ல வேல கெட்ச்சா எனக்கு ஒரு பொடவ, மறந்துடாத!"ன்னு சமையக்காரி முத்தம்மா அடுக்களையிலேர்ந்து சத்தம் குடுக்கா. அய்யோ முருகா, இன்டர்வியூவுக்குப் போற பிள்ளைன்னு நான் இன்னும் ஒடுங்குதேன். முத்தம்மா பாத்துட்டா.

"தோடா! யாரும்மா அது, செருப்பாண்ட ஒளிஞ்சிக்கினு கீறது? போன வாரம் கூட ஒரு ஜோடி காணாப்பூடுச்சு. இன்னா, ஒன் வேலதானா?"

அந்தப் பிள்ளை பாதி வாசல்லேர்ந்து திரும்பி வருது. வந்து என் மூஞ்சிக்கு எதுக்க நின்னு, தூண் ஆணியில தொங்கின கொடைய எடுத்துக்கிட்டு ஓடுது. போன பிள்ளை திரும்பினதும் போச்சு, என் மொகத்துல முழிச்சதும் போச்சு. அப்படியே பூமிக்குள்ள போயிடலாம்னு இருந்துது.

பொறவு உள்ள கூப்பிட்டாவ. மூணு அம்மாமாரு. செகரட்டரி அம்மா மயிலாப்பூர்க்காரவுக, நல்ல செவப்பு. மொதக் கேள்வியே, "ஏன் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுண்டு நின்னேள்? முத்தம்மா ஊரையே கூட்டிட்டாளே!"

கண்ணப் பாத்துப் பேசுன்னு எழுதியிருந்தியே. உங்க மாமா மொகத்தையே நான் நிமிந்து பாத்தது படமாச் செவுத்துல மாட்டுன பொறவுதான். உனக்காகப் பாத்தேன். பாத்துக்கிட்டே உள்ளதச் சொன்னேன். "நல்ல காரியமாப் போற பிள்ளைக இல்லையாம்மா, நான் எதுக்க வரப்பிடாதுல்லா. எங்க வீட்லயும் யாரு வெளிய கெளம்புனாலும் நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால போயிடுவேன். பழகிட்டுது."

அத்தோட நிறுத்தியிருக்கணும். டைபாய்டு கதையச் சொன்னேன், அப்ப கஞ்சி வச்ச பக்குவத்தச் சொன்னேன், அய்யாதுரைக்குப் பொண்ணு பாத்ததும் வந்துட்டுது. ஓரத்துல இருந்த அம்மா கடியாரத்தப் பாத்தாவ.

செகரட்டரி அம்மா கையக் காட்டி நிறுத்தினாவ. "இங்க வேலை என்னன்னு தெரியுமோ? காலம்பற கேட்டுக்கு எதிர்க்க நாற்காலி போட்டுண்டு உக்காரணும். வெளில போற பொண்ணுகள் பேரை எழுதிக்கணும். நீங்க தூணுக்குப் பின்னாடி போயிட்டா யார் எழுதறது?"

"பின்வாசல்ல உக்காந்து எழுதலாமாம்மா?"ன்னு கேட்டுட்டேன். மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. "தபால் போடறோம், போயிட்டு வாங்கோ."

வேலை எங்க கெடைக்கப் போவுது. அந்தச் சீதாவுக்காவது கெடைக்கட்டும்னு கற்பகாம்பாள்கிட்ட சொல்லிட்டு வந்தேன். "எங்க போயிட்டு வாரீய மைனி?"ன்னு உங்கம்மா கேட்டா. கோயிலுக்குன்னேன். பொய்யில்ல.

அத்தை தேவானை


மாதுங்கா
22-11-73

அன்புள்ள அத்தை,

வேலையைப் பற்றி இப்போது எழுதவில்லை. வேறு ஒன்று கேட்க வேண்டும்.

நான் பம்பாய்க்கு ரயிலேறிய அன்று வாசலில் டாக்சி நின்றது. அப்பா, அம்மா, அய்யாதுரை, கடை ஆட்கள்கூட வந்திருந்தார்கள். நீங்கள் மட்டும் இல்லை. "அத்தை எங்கே?" என்று கேட்டேன். "உள்ள வேலையா இருப்பா, நேரமாச்சு, ஏறு" என்றார் அப்பா. பெண்பிள்ளை தனியாக இவ்வளவு தூரம் வேலைக்குப் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கோபத்தில் முகம் காட்டவில்லை என்று நினைத்தேன். என்னை வளர்த்ததே நீங்கள்தான். அதனால்தான் எனக்கும் வீம்பு. இத்தனை வருஷமும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

அத்தை, அன்றைக்கு நீங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலா நின்றீர்கள்?

பாரதி


சிவமயம்

மயிலாப்பூர், சென்னை-4
5-12-73

கதவுக்குப் பின்னாலதான், பாரதி. வேற எங்க போவேன்?

யாரும் என்னப் போகச் சொல்லல. உங்கப்பா மேல வருத்தப்படாத. டாக்சி சத்தம் கேட்டதும் நானாப் போய் நின்னுக்கிட்டேன். நீ ‘அத்தை எங்கே’ன்னு கேட்டதும் காதுல விழுந்துது. இன்னொரு தரம் கேப்பன்னு நின்னேன். நீ ஏறிட்ட. பொறவு கடுதாசிக்குக் கடுதாசி ஒத்த வரியா வரும்போது, இங்கிலீஷ் பேசுத பிள்ளை அஞ்சாங்கிளாஸ் அத்தைகிட்ட என்னத்த எழுதும்னு நான் நெனச்சேன். நீ அப்படி நெனச்சு, நான் இப்படி நெனச்சு... போ.

மேல விலாசத்தப் பாத்தியா? வேலை கெடைச்சுட்டுது. எப்படின்னு முத்தம்மாகிட்ட கேட்டேன். "வந்தவ ஒருத்தியும் இந்தச் சம்பளத்துக்கு ஒத்துக்கல, அதான் ஒன்னிய கூப்ட்டாங்க"ன்னா. அப்படியே இருக்கட்டும். உங்கப்பாகிட்ட சொன்னதும் அவன் பேச்சை நிறுத்திட்டான். பேசாமலே என் பெட்டியத் தூக்கிட்டு வந்து வச்சுட்டுப் போனான். தெறந்தா உள்ள கடையிலேர்ந்து ஒரு புதுச் செம்பும் தம்ளரும்.

கார்த்திகை சோமவாரமாப் பாத்து வந்து சேந்தேன். நேத்தைக்குக் காலையில கேட்டுக்கு எதுக்க நாற்காலி. நான் கொஞ்சம் செவுத்துப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டேன். முத்தம்மா வந்து, "இன்னா மேட்ரனு, செவுத்துல சினிமாவா ஓடுது?"ன்னு என்ன நாற்காலியோட திருப்பி வச்சுட்டா. முருகா முருகான்னு நோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன். பிள்ளைக வாராளுக, "வரேன் மேட்ரன்"ங்காளுக, பறக்காளுக. ஒருத்தி ஊக்குக் குத்திக்கிட்டே, ஒருத்தி இட்லிய மென்னுக்கிட்டே. ஒருத்தியும் என் மொகத்தப் பாக்கல. சாயங்காலம் எல்லாரும் முழுசாத் திரும்பி வந்துட்டாளுக.

அந்தச் சீதாவுக்கு பேங்க் வேலை கெடைக்கலையாம். பக்கத்துல உக்கார வச்சு, "அன்னைக்கு நீ என் மொகத்துல முழிச்சுட்டுப் போனியேம்மா"ன்னேன். அவ திருதிருன்னு முழிக்கா. "அன்னிக்கு நீங்களா அங்க நின்னீங்க? நான் குடையத்தான் பாத்தேன் மேட்ரன். டைப்பிங்ல தப்பு விட்டேன், அதான் போச்சு"ன்னுட்டுத் துணி காயப்போடப் போயிட்டா. நான் அங்கனயே உக்காந்திருந்தேன். இத்தன வருசம் ஒளிஞ்சு நின்னது பாக்காதவங்களுக்குப் பயந்தா? சந்தோசப்படணுமா என்னன்னு தெரியலட்டி.

ரூமு சின்னது. சன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுச் செவரு. பிள்ளைக போயிட்டா பகல் பூரா அமைதி, முத்தம்மாவும் மத்தியானம் தூங்கிடுதா. நான் முருகன் படத்துகிட்ட பேசிக்கிட்டிருக்கேன். அவன் கேட்டதுக்குக்கூட பதில் சொல்லுததில்ல.

தையில கல்யாணத்துக்கு நீ வருவேல்லா. நான் போகல. அது நானா எடுத்த முடிவு, உங்கம்மாகிட்ட எதுவும் கேக்காத. திரும்பி ரயிலேறப் போகும்போது டாக்சிய இந்தத் தெரு வழியா விடச் சொல்லு. கேட்டுக்கு எதுக்கதான் உக்காந்திருப்பேன்.

ஆசீர்வாதத்துடன்
அத்தை தேவானை

மடிச்சு ஒட்டப் போகும்போதுதான் ஒண்ணு ஞாபகம் வருது. லேபிள்னு எழுதியிருந்தியே. அன்னைக்கு நீ உடுத்தியிருந்தது மாம்பழக் கலர்ல மெல்லிசா ஒரு புது வாயில் சேலை. டாக்சியில ஏறக் குனிஞ்சப்ப கதவிடுக்கு வழியாப் பாத்தேன், இடுப்புக்குக் கீழ தங்கக் கலர்க் காகிதம் ஒண்ணு மினுங்கிச்சு. கூப்பிட்டுச் சொல்ல வாயத் தொறந்தேன். கெளம்புத பிள்ளையப் பின்னாலேர்ந்து கூப்பிடப்பிடாதேன்னு மூடிக்கிட்டேன்.