கடைச் சுவரில் என் சான்றிதழ்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யுவராணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று அபிராமி அம்மனிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மூன்று தரம் சொல்ல வந்தேன், உன் முகம் தெரிந்ததும் வாய் வரவில்லை, கத்தரிக்காய் விலையையும் அப்பா கண்ணாடியை உடைத்ததையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஓய்வு பெற்றபிறகு ஆனந்த்ராஜின் மருந்துக் கடைக்கு தினம் காலையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று நாலு வருஷமாக உன்னிடம் சொன்னேனே, அது பொய். ஒரு நாள்கூடப் போனதில்லை. அப்பாவின் சிநேகிதர் பையன், கடை திறக்க ஒரு பார்மசிஸ்ட் வேண்டும் என்று வந்து நின்றான், போட்டோ ஒட்டிய என் சான்றிதழைச் சட்டம் போட்டு கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொண்டான், அவன் மாதாமாதம் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு நான் வீட்டில் இருந்தேன். ஊரில் யார்தான் செய்யவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாசக் கடைசியில் வருகைப் பதிவேடு வீட்டுக்கே வரும், சீரியல் பார்த்துக்கொண்டே முப்பது நாளுக்கும் கையெழுத்துப் போடுவேன். ஒரே பேனாவில் போட்டால் சந்தேகம் வருமென்று மூன்று பேனா மாற்றிப் போட்டது என் யோசனைதான், அவனுடையது இல்லை. போன தீபாவளிக்கு நீ, நெசமாவே போறியாம்மா, இல்ல சர்ட்டிபிகேட்ட மட்டும் மாட்டிவச்சிருக்கியா என்று கேட்டாய். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில மருந்து எடுத்துக் குடுத்தவகிட்ட கேக்குற கேள்வியாடி இது என்று எகிறினேன். பாவம், நீ மன்னிப்புக் கேட்டாய். அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிற ஜக்கம்மாள் என்று ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும். விரல் மூட்டெல்லாம் வீங்கி டாக்டரிடம் காட்ட, மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார், வாரத்துக்கு ஒன்று. ஆனந்த்ராஜ் கூட்டத்தில் சீட்டைச் சரியாகப் பார்க்காமல் தினம் ஒன்று என்று உறைமேல் எழுதிக் கொடுத்துவிட்டான். தினமும் போட்டால் அது என்ன செய்யும் என்று பார்மசி படித்த உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பதினோராம் நாள் வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காமல், ரத்த அணு குறைந்து, பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தச் சீட்டு என் கைக்கு வந்திருந்தால் தினம் ஒன்று என்று ஒருநாளும் எழுதியிருக்கமாட்டேன் யுவராணி. என் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மருந்து ஆய்வாளர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். அதற்குள் ஆனந்த்ராஜ் ஓடிவந்து, அத்தை, அன்னைக்கு ஒருநாள் மட்டும் லீவுன்னு எழுதிக் குடுத்துருங்க, அம்புட்டுத்தான், உங்களுக்கு ஒண்ணும் வராது என்றான். அப்பாவும், நம்ம பேரு கெட்டா புள்ளைக்கும்தான அசிங்கம் என்றார். நான் தலையாட்டினேன், இரண்டு நாள் அப்படியேதான் இருந்தேன். மூன்றாம் நாள் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று நினைத்துவிடாதே, உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் தைரியமாகப் பொய் எழுதலாம் என்றுதான் போனேன்.

பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். கடை போட்டோவுல இருக்கிற அம்மாதான நீங்க என்றாள். புண் வாயோடு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பேசினாள். டாக்டர் வாரம்னு சொன்ன மாதிரி எனக்கு ஒரு ஞாபகம் இருந்துச்சு தாயி, ஆனா படிச்ச அம்மா பாத்துத்தான குடுத்திருப்பாகன்னு போட்டோவ நம்பி முழுங்கிட்டேன் என்றாள். அன்று உள்ளேதான் இருந்தீர்களா என்று கேட்டாள். இல்லை, என்றைக்குமே இருந்ததில்லை என்றேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. அப்ப இம்புட்டு நாளும் கடையில யாருமே இல்லையா தாயி என்று கேட்டாள். அவள் மகள் கஞ்சி கொண்டுவந்ததும் வெளியே வந்துவிட்டேன்.

அன்று மதியமே உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டேன், நாலு வருஷத்தையும், மூன்று பேனாவையும் சேர்த்துத்தான். என் பதிவை ரத்து செய்வார்களாம், செய்யட்டும். ஆனந்த்ராஜ் கடையை மூடிவிட்டார்கள். அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஜக்கம்மாளுக்கு அணு ஏறிக்கொண்டிருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள், மறுபடி பூப்பறிக்கப் போவாளா என்பது தெரியவில்லை.

உன் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாமல் மூன்று பேர் வேலையை ஒருத்தியாகப் பார்க்கிறேன் என்றாயே. முடியாத அன்றைக்கு முடியவில்லை என்று சொல்லிவிடு, திட்டினால் திட்டட்டும். கண்ணால் பார்க்காத சீட்டில் கையெழுத்து மட்டும் போடாதே. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் உன்னைப் பெற்றவள் என்பதால் சொல்கிறேன். அம்மாவைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று அங்கே எல்லோரிடமும் சொல்வாயாம், இனி சொல்லாதே கண்ணு.

தீர்க்காயுசோடு நன்றாக இரு. மழைக்கோட்டு இல்லாமல் வெளியே போகாதே. இதைப் படித்ததும் போன் பண்ணு, கோபமாக இருந்தால் கோபத்தோடயே பண்ணு, எவ்வளவு திட்டினாலும் நான் போனை வைக்கமாட்டேன்.

உன்னிடம் பொய் சொன்ன
அம்மா,
சூர்யகலா