வெந்தன என்றே எழுதினோம்

மழை பொய்யாதிருக்க. மலை ஏழும் பசுமை குன்றாதிருக்க. வேழமலை நாட்டைப் புரக்கும் கோச்செந்திறல் வேந்தரின் பட்டத்துத் தேவியும், பன்னிரு சுனைக்கு உரியவளும், இப்போது கழிமுக நாட்டரசரின் விருந்தினளாய்ச் சங்குத்துறை மாளிகையில் தங்கியிருப்பவளுமாகிய வெண்கோதை நாச்சி, குன்றவாயில் அறக்களத்துத் தலைமை அமைச்சர் குணவேளாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் குடிக்கும் நலம் உண்டாகுக. அறக்களத்துத் தூண்களுக்கும், அவற்றில் சாய்ந்து உறங்கும் எழுத்தர்களுக்கும் நலமே உண்டாகுக.

நீர் விடுத்த ஓலை நேற்று உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்தது. இந்நாட்டுப் பழ அடுக்கப்பத்தின் செய்முறையை யாம் எழுதி அனுப்பியதும், வேந்தரின் பிறந்தநாள் விருந்துக்கு மடைப்பள்ளித் தலைவி சாத்தி அதைச் செய்யப் புகுந்ததும், ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்க வேண்டிய நான்கு மாவு வட்டும் அடுப்புக்குள்ளேயே கரிந்ததும், எழுபது விருந்தினர் முன் வெறுந்தட்டு வந்து நின்றதும் அதனால் அறிந்தோம். எல்லை வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த வேந்தரை அடுப்படிக்கு எழுந்தருளும்படி மூன்று முறை ஆள் வந்ததையும், அப்பத்தைப் பார்க்கவா அரசர் வருவார் என்று நீர் மூன்று முறையும் விரட்டியதையும் அறிந்தோம். சாத்தி ஒன்பது நாளாகக் காவலில் இருக்கிறாள். அவள் கை அகப்பை பறிக்கப்பட்டது. வரும் முழுநிலாவுக்குள் அவள் நாட்டெல்லையைக் கடக்க வேண்டும் என்பது உம் தீர்ப்பு. தேவியின் மறுமொழி வரும்வரை பொறுக்க என்பது வேந்தரின் வாக்கு.

வேந்தர் வந்து கண்ட பின்பே அப்பத்தை எடுக்க வேண்டும் என்று எம் ஓலை பணித்ததாகச் சாத்தி கூறுகிறாள் என்றும், எழுத்தர் இருவரில் ஒருவர் அப்படித்தான் உள்ளது என்கிறார், மற்றவர் இல்லவே இல்லை என்கிறார் என்றும், எழுதியது எது என ஒரே சொல்லில் விடை வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர். ஒரே சொல்! அந்த ஒரு சொல்லால்தான் இவ்வளவும் வந்தது, வேளாரே. ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கேளும். நீர் தீர்ப்பு வழங்கிய பண்டத்தை நீர் கண்ணால் கண்டதுகூட இல்லை.

இங்கு வந்த மூன்றாம் நாள் அதை எம் இலையில் வைத்தார்கள். வெட்டிய துண்டில் பொன்னிற வட்டு நான்கும், இடையே மாம்பழமும் பலாச்சுளையும் சர்க்கரையில் சுண்டிய விழுது மூன்று வரியும், மேலே அடித்துத் திரட்டிய பாலாடையும் கண்டோம். ஒரு வாய் தின்றதும் இது எப்படி நிற்கிறது, எது இதைத் தூக்குகிறது என்று எமக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரசியார் அடுக்களைக்குள் நுழைவதா என்று இங்குள்ளோர் பதற, நேரே அப்பக்காரி மரகதியிடம் போய் நின்றோம். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைத்து, முட்டைகளைத் தனியே நுரைக்க அடித்து, துணியில் மூன்று முறை சலித்த கோதுமை மாவை மெல்லக் கலக்க வேண்டும் என்றாள். கள் நுரை இல்லை, புளித்த மாவும் இல்லை, பின் எது உப்ப வைக்கிறது என்று கேட்டோம். நாம் அடித்து அடைத்த காற்றே என்றாள். நம்புவோமா? அடிக்காமல் ஒன்று செய்து பார்த்தோம். வறட்டி போல வந்தது. மறுநாள் முட்டையை யாமே அடித்தோம். எம் வலக்கை இரண்டு நாள் தோளுக்கு மேல் எழவில்லை.

யாம் கெடுத்தவற்றையும் சொல்கிறோம், குறித்துக்கொள்ளும். ஒரு முறை ஆவல் தாங்காமல் அடுப்பின் வாயை மூடிய கல்லை இடையில் நகர்த்திப் பார்த்தோம். வட்டுக்கள் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டன. இன்னொரு முறை ஆறுமுன் அடுக்கினோம். விழுது உருகி, மேல் வட்டு வழுக்கிச் சென்று மரகதியின் காலடியில் விழுந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள், யாமும் சிரித்தோம். எம்மை ஒருவரும் காவலில் வைக்கவில்லை.

எப்போது எடுப்பது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டபோது அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தருகிறோம்: "மூக்கு எதுக்கு இருக்கு நாச்சியாரே? வெந்தா அதுவே கூப்பிடும். நம்பாட்டி ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்க, மாவு ஒட்டாம வந்தா எடுத்துருங்க." இதை முழுதும் எழுத ஏட்டில் இடம் போதவில்லை. ஆகையால் சுருக்கி, வட்டுக்கள் வெந்தன கண்டு எடுக்க என்று கீறினோம். வெந்தன என்றே எழுதினோம். நீர் கேட்ட ஒரு சொல் இதுவே.

உடனே ஏட்டைக் கீழே வைத்துவிட்டு, சாத்தி பொய்யள், துரத்துங்கள் என்று எழுந்துவிடாதீர். உட்காரும். புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று நம் எழுத்தாணி புள்ளியிடுவதில்லை. எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான் போடுகிறோம். ஆகவே சாத்தியின் கைக்கு வந்தது இதுதான்: வெநதன கணடு எடுகக. இதை வெந்தன கண்டு என்றும் படிக்கலாம், வேந்தன் கண்டு என்றும் படிக்கலாம். எது சரி என்று அந்த ஏட்டில் ஒரு கீறல்கூடச் சொல்லாது. நீர் மயங்காதிருக்க இவ்வோலையில் மட்டும் புள்ளி இட்டே எழுதுகிறோம்.

எமக்கு இதில் ஒரு வியப்பு எழுந்தது. அதே வரியைப் புதிய ஏட்டில் எழுதி, எம் பரிவாரத்தில் ஒன்பதின்மரை ஒவ்வொருவராய் அழைத்துப் படிக்கச் சொன்னோம். எழுவர் கொஞ்சமும் தயங்காமல் வேந்தன் என்றனர். அவருள் ஒருவர் எம் தலைமை எழுத்தர், இலக்கணத்தில் உம்மையே மடக்கியவர். வெந்தன என்று படித்தவர் இருவரே. அவ்விருவரும் காலையிலிருந்து ஒன்றும் உண்ணாதவர்கள். அரண்மனை ஓலை என்றால் அதில் அரசர் இருந்தே தீர வேண்டும் என்று கண்கள் பழகிக் கிடக்கின்றன. அப்படிப் பழக்கியது யார்? நாம்தானே!

கரிகிறது என்று தெரிந்தும் எடுக்காதது குற்றமல்லவா என்று நீர் கேட்பீர். உம் ஓலையோடு இணைத்த வாக்குமூலத்தை நீர் படித்தீரோ, அல்லது கட்டி மட்டும் அனுப்பினீரோ, அறியோம். காவலில் அவள் சொன்னதாக எழுத்தர் எழுதியிருப்பது இது: "வெந்துருச்சுன்னு மூக்கு சொல்லிருச்சுங்க. கை துணியைக்கூட எடுத்துருச்சு. ஆனா ராசா வந்து பாக்கணும்னு நாச்சியார் ஓலையில இருக்கே, நான் எப்படிங்க எடுப்பேன்? கண்ணு முன்னால கருகுது. அழுதுக்கிட்டே நின்னேன்." 

ஒன்றை மறைக்க மாட்டோம். வேந்தன் என்றே எழுதினோம் என ஒரு பொய் சொன்னால் அவள் உடனே வீடு போவாள், எமக்கும் தலைக்குனிவு இல்லை. எழுத்தாணியை எடுத்தும் விட்டோம். ஆனால் அப்படிச் சொன்னால், அரசர் வந்து பார்க்கும்வரை எதையும் கரியவிடலாம் என்பது வேழமலையில் சட்டமாகிவிடும். அதற்கு எம் கை வரவில்லை. எழுதியது வெந்தன. அவள் படித்ததும் பிழையன்று. இரண்டும் ஒருங்கே மெய்யாதல் கூடுமோ என்று உம் அறக்களம் தலையைச் சொறியலாம், சொறியட்டும்.

ஆகையால் ஆணை. இவ்வோலை கண்ட நாழிகையே சாத்தியின் காவலும், அவளை நாடு கடத்தும் தீர்ப்பும் நீங்குக. அகப்பையை நீரே உம் கையால் அவளிடம் திரும்பக் கொடுக்க. இனி மடைப்பள்ளிக்குச் செல்லும் ஏடு எதிலும், கிழிந்தாலும் பரவாயில்லை, புள்ளி இடுக. குதிரை மாற்றி மாற்றி விரையும் தூதன் நிலா நிறைவதற்கு முன்னாளே உம்மை அடைவான். வழியில் தாமதித்தான் என்ற சாக்கை யாம் ஏற்கோம். சங்குத்துறையில், வளர்பிறை ஒன்பதாம் நாள், எம் கையாலேயே எழுதி, சுனைமலர் முத்திரை பதித்தோம்.

முத்திரைக்குக் கீழே இன்னும் ஒன்று. இதை யாம் என்று எழுத மனம் வரவில்லை, நான் என்றே எழுதுகிறேன். இந்த ஏட்டைச் சாத்தியிடம் நீட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர், வேளாரே. நேரில் போய் அவள் முன் நின்று, பிழை நாச்சியாருடையது, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று வாயால் சொல்லும். என் எழுத்தை நம்பி அவள் பட்டது போதும்.