மே மாத வரைபடம்

தியாகராய நகரில் ஒரு ஹோட்டலின் அடித்தள அரங்கில், மேடையேறிப் பேச என் முறைக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலே கிடையாது. ஏசிக் குளிரில் ஊறிய கம்பள வாடையும், அதை மறைக்கத் தெளித்த மல்லிகை சென்ட்டும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய்.

சில ஆண்டுகளுக்கு முன் நீ பேசிய அரங்கிலும் இதே வாடைதான். மின்சக்தி மாநாடு. நாம் இருவரும் ஒரே பேராசிரியரின் ஆய்வு மாணவிகள். ஊரூர் குப்பத்தில் உன் தெருவிலேயே, மீன் விற்கும் பெண்களுக்காகச் சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிர்பெட்டியை வைத்து, அதன் பேட்டரியை ஓராண்டு முழுக்க அளந்திருந்தோம். பேட்டரி செய்த கம்பெனிதான் ஆய்வுக்கும் பணம் கொடுத்தது. மே மாத வெயிலில் அது பாதி நாள்கூடத் தாங்கவில்லை. மாநாட்டுக்கு முந்தைய நாள் பேராசிரியர் அதைக் காட்டும் வரைபடத்தை எடுத்துவிடச் சொன்னார்.

"டிசம்பர், ஜனவரி போதும்மா. கம்பெனிக்காரங்க முன்வரிசையில உக்காருவாங்க."

நீ அதை எடுக்காமல் கடைசிக்குத் தள்ளி வைத்தாய்.

நீ பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், கோடையில் எப்படி என்று கேட்டார். பேராசிரியர் பாதி எழுந்து, அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது என்றார். லேப்டாப்போடு மேடையோரம் நான் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் குனிந்தாய்.

"அந்த மே மாசத்த போடுடி."

போட்டேன். "இது எங்கள் தெரு. பெட்டிக்குள் மீன் கெட்டது. என் அம்மாவின் மீனும்தான்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாய். யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்ததும், "கொஞ்சம் சுத்தி வளைச்சு சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"இன்னாத்த சுத்தறது? எல்லா குப்பத்துலயும் இதையே வைக்கப் போறாங்க. எத்தினி பேரு நம்பிக்கினு கீறாங்க."

அந்தப் பெட்டி வேறு குப்பங்களுக்குப் போகவில்லை. ஆனால் உன் ஆய்வேடு பேராசிரியரின் மேசையை விட்டு நகரவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு திருத்தம். வேறு யாரும் உன்னை மாணவியாக ஏற்கத் தயாராயில்லை. பெசன்ட் நகர் மணலில் உட்கார்ந்து ஒருநாள் சொன்னாய்: "வெளிய போவவும் முடியல, உள்ள இருக்கவும் முடியல. லிஃப்ட்டு நடுவுல நின்னா மாதிரி கீது." மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நீ இறந்துபோனபோதும் அவர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

நான் அவரிடமே ஆய்வை முடித்தேன். அவரிடமே வேலை பார்க்கிறேன். இதோ, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளிக்கூடம் என்று காரணங்கள் என்னிடம் இருக்கின்றன; வெளியேறக் கதவுதான் இல்லை.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா நிமிராமலே கேட்டார்கள்: "அவ படிப்பு முடிஞ்சிதா இல்லியா, கண்ணு? யாருமே சொல்லல."

"முடிச்சிட்டாம்மா" என்றேன்.

அவர்கள் கத்தியை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்ல எழுந்து போனார்கள். அந்த ஒரு சொல்லை எப்படி மெய்யாக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லையும் சுமந்துகொண்டுதான் எழுகிறேன்.