இருபத்தொன்றாம் ஜுஸ்வு

டோம்பிவிலி வீட்டில் ஃபிரிட்ஜின் தலையில், பாலிதீன் உறைக்குள் ஒரு பச்சை அட்டைப் புத்தகம் இருக்கிறது. மெல்லிசு. இருபது பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். குர்ஆனை முப்பது பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு புத்தகமாகத் தைத்து, பள்ளிவாசலில் தகரப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்களே, அதிலிருந்து வந்தது. இது இருபத்தொன்றாம் ஜுஸ்வு. திறந்தால் ஊதுபத்தி வாசனையும், அதற்கு அடியில் லேசாகத் தோல் ஒட்டும் பசையின் வாசனையும் வருகிறது. பசை என் விரலிலிருந்து ஏறியதாகத்தான் இருக்கும். முப்பத்தாறு நாளாக இது என்னிடம் இருக்கிறது. தாராவியில் அந்தப் பெட்டி ஒன்று குறைந்து நிற்கிறது. நாளை உனக்கு நாற்பதாம் நாள்.

இறந்தவர்களிடம் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. பேசுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், கொஞ்சம் சிரிப்பும் வரும். ஆனால் இந்தப் புத்தகத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் பெட்டியில் திரும்ப வைக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தாராவியில், தோல் சாமான் செய்யும் கார்கானாவில் நீ மிஷினில், நான் பசை மேஜையில். பர்ஸும் பெல்ட்டும் நாள் முழுக்க நம் இரண்டு பேர் கையையும் தாண்டித்தான் போகும். மதிய இடைவேளையில் ரெக்ஸின் சுருள்களுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற இடத்தில் நாம் மாறி மாறித் தொழுவோம். வேலைக்கு வந்த முதல் வாரமே, தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவப் போன என் மணிக்கட்டை நீ பிடித்து நிறுத்தினாய்.

"ஏட்டி, இந்த வெரலோட ஒளு எடுத்தா எப்படிச் சேரும்? பசை காஞ்சி ஒட்டியிருக்குல்லா. தண்ணி தோலத் தொடாண்டாமா?"

மிஷின் எண்ணெயில் நனைத்த ஒரு பனியன் துணியைக் கொடுத்தாய். அதால் தேய்த்துவிட்டுப் பிறகு சோப்பு. அரை மணி நேர இடைவேளையில் ஐந்து நிமிஷம் இதற்கே போயிற்று. எனக்கு எரிச்சல். அல்லாவுக்கு என் விரலில் இருக்கிற பசையைப் பார்ப்பதுதான் வேலையா என்று கேட்டேன். நீ அசரவில்லை. "அவன் பாக்கான், பாக்கல, அது அவன் பாடு. நம்ம தொடச்சிக்கிட்டுப் போவோமே" என்றாய். நான் துடைத்துக்கொண்டேன். உன் பேச்சுக்காகத்தான் துடைத்தேன், வேறு எந்த அக்கறையாலும் இல்லை.

உன்னைப் போல எனக்குத் தொழுகையில் உருகல் எல்லாம் கிடையாது. நேரம் வந்தால் தொழுவேன். பஸ் வந்தால் ஏறுகிற மாதிரி. அதற்குக் காரணம் உண்டு, அது உனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. எனக்கு ஒன்பது வயதில் எங்கள் உம்மா நோயில் படுத்துவிட்டாள். எனக்குக் கீழே நான்கு பேர். மதரசா நின்றது, எழுத்துக்களைச் சேர்த்து வாசிக்கிற கட்டம் வருவதற்கு முன்பே. தொழுகைக்கு வேண்டியதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தேன். அதோடு சரி. குர்ஆனைத் திறந்தால் எனக்கு அது கோடும் புள்ளியும்தான்.

மற்ற இடங்களில் இதை மறைக்கத் தேவையில்லை. கத்தம் ஓதும்போதுதான் சிக்கல். யாராவது மவுத்தானால் மூன்றாம் நாள் பெண்கள் கூடி உட்கார்ந்து, தகரப் பெட்டியைத் திறந்து, ஆளுக்கொரு ஜுஸ்வாக எடுத்துக்கொள்வோம். முப்பதும் ஓதி முடித்தால் ஒரு முழுக் குர்ஆன். பிறகு போனவருக்காக துஆ. நீட்டுகிற புத்தகத்தை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நான் ஒரு வித்தை கற்றுவைத்திருந்தேன். வேகமாக ஓதுகிறவள் பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் பக்கம் திருப்பினால் நானும் திருப்புவேன். உதடு, மனப்பாடமாகத் தெரிந்த சின்ன சூராவையே சொல்லிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு இருமல். கடைசியில் புத்தகத்தை முத்தமிட்டு மூடுவேன். பதினெட்டு வருஷம் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

உன் உம்மா மவுத்தான மூன்றாம் நாள் புத்தகங்களைக் கொடுத்தது நீ. எனக்கு வந்தது இந்த இருபத்தொன்று. வழக்கம்போல முடித்தேன். சாயங்காலம் சோறாக்கிய தேக்சாவைக் கழுவ அடுப்படிக்கு வந்தபோது, நீ மூலையில் உட்கார்ந்து ஒரு ஜுஸ்வை ஓதிக்கொண்டிருந்தாய். நடுவில் அதை மூடி வைத்துவிட்டு, அந்த ஈரத் தரையிலேயே துப்பட்டாவை விரித்து, நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தாய். எழுந்து மறுபடி ஓதினாய். மகளுக்குத் துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேக்சாவை எடுத்துப் போனேன்.

அடுத்த திங்கள்கிழமை, சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாய்.

"ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே?"

"சொல்லு."

"இருபத்தொண்ணுல ஒரு சஜ்தா வருது. ஓதிக்கிட்டு வாறப்ப அந்த எடம் வந்தா தல வைக்கணும்லா. நீ வைக்கல."

மறந்திருப்பேன் என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய்.

"எங்க உம்மாக்குன்னு சொல்லலட்டி. அத நான் அன்னைக்கே ஓதிட்டேன். ஒனக்கு ஓதத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. என்ட்ட வேண்டாம், அவன்ட்டயாவது சொல்லு. அவன்ட்ட என்ன வெக்கம்?"

"ஓதத் தெரிஞ்சவ எல்லாரும் சொர்க்கத்துல சீட்டுப் புடிச்சி வச்சிருக்கியளோ? லோக்கல் ட்ரெயின்ல கர்ச்சீப் போடுத மாதிரி?" என்று கத்தினேன். கார்கானா மொத்தமும் திரும்பிப் பார்த்தது. உனக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன், நீ அடக்கிக்கொண்டதையும் பார்த்தேன். அந்த அடக்கல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே சேட்டிடம் சொல்லி மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

பதினோரு மாதம் உன்னிடம் பேசவில்லை. இடையில் மகன் டோம்பிவிலியில் வீடு பார்த்தான், குடி போனோம்; வேலைக்கு மட்டும் லோக்கலில் தாராவிக்கு வந்துபோனேன். சாமான் ஏற்றிய அன்று நீ தெருமுனை வரை வந்து நின்றாய். நான் டெம்போவில் முன்னால் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பிறகு ரமலான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். நோன்பு நேரம் போகவேண்டுமே என்று அலமாரியிலிருந்து மருமகளின் குர்ஆனை எடுத்து விரித்தேன். கண் வரியோடு ஓடியது. உதடு அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு இருமலும் இருமினேன்.

அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. யார் பார்ப்பதற்காக இருமினேன்? பார்க்க இருப்பது ஒருவன்தான். அவனுக்கோ என் லட்சணம் ஒன்பது வயதிலிருந்தே தெரியும். அவனிடமே நடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குப் பயம் வரவில்லை, கேவலமாக இருந்தது. குர்ஆனை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இது தெரியாது" என்று சத்தமாகச் சொன்னேன். நீ சொல்லச் சொன்னது அதைத்தானே.

மறுநாள் இடைவேளையில் உன் மிஷின் பக்கம் வந்து நின்றேன். எழுத்துக் கூட்டத் தெரியாது, சொல்லிக் கொடு என்றேன். நீ மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாய். பதினோரு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாய் என்று எதிர்பார்த்தேன்.

"கையத் தொடச்சியா?" என்றாய்.

உன் பேத்தி எழுத்துக்களுக்குப் பென்சிலால் மீசை வரைந்து வைத்திருந்த அரபுப் பாலபாடத்தை வைத்து, ரெக்ஸின் சுருளுக்குப் பின்னால் ஆரம்பித்தோம். ஐம்பது வயதுக்காரிக்கு நாக்கு வளையவில்லை. தொண்டை அடியிலிருந்து வரவேண்டிய எழுத்துக்கு நான் காறித் துப்புகிற மாதிரி சத்தம் போடுவேன். நீ மிஷின் மேல் தலை வைத்துச் சிரிப்பாய். "சிரிக்காதட்டி" என்றால், "அவனே கேட்டுக்கிட்டு சும்மா இருக்கான், நான் சிரிச்சா என்ன" என்பாய். காலை லோக்கலில் முந்தின நாள் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து சீட் பெண் என்ன மொழி என்று கேட்டாள். எனக்கும் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

இரண்டு வருஷத்தில் ஒரு மாதிரி எழுத்துக் கூட்டி ஓதும் அளவுக்கு வந்தேன். அதற்குள் உனக்குச் சர்க்கரை முற்றிக் கிட்னி கெட்டது. ஆஸ்பத்திரியில் என்னை யாசீன் சூரா ஓதச் சொன்னாய். நல்ல குரலில் ஓத உன் சொந்தத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் ஓதினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீ கண்ணை மூடிக் கிடப்பாய். தப்பாக ஓதினால் மெத்தையிலிருந்து ஒரு விரல் மட்டும் எழும். நான் அந்த வரியைத் திரும்ப ஓதுவேன். விரல் இறங்கும். கடைசி வாரம் விரல் எழவே இல்லை. நான் திருந்திவிட்டேனா, உனக்கு எழுப்ப முடியவில்லையா என்று எனக்குத் தெரியாது.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நாங்கள் வாசலோடு நின்றோம். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. அதற்கு மேல் உனக்கு நான் செய்ய முடிந்தது கத்தம் ஒன்றுதான். உன் மகன் இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்கிற கூட்டம். உன் லாத்தா, நீ கேட்டதையெல்லாம் எடுத்துக்கொடுத்து வளர்த்த அக்காவாயிற்றே, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் பெட்டியைத் திறந்தாள். நான் கேட்டு இருபத்தொன்றை வாங்கிக்கொண்டேன்.

நான் நான்காவது பக்கத்தில் இருந்தபோதே மற்றவர்கள் ஒவ்வொருவராக மூடினார்கள். லாத்தா கேட்டாள். "எல்லாரும் முடிச்சாச்சா? துஆ ஓதலாமா?"

பழைய கை தானாகப் புத்தகத்தை மூடப் போனது. முத்தமிட்டு வைத்தால் ஒருத்தருக்கும் தெரியாது. இந்த முறை அடுப்படியில் உட்கார்ந்து சரிசெய்ய நீயும் இல்லை.

"எனக்கு முடியல லாத்தா" என்றேன். "நிறைய இருக்கு. நான் எழுத்துக் கூட்டித்தான் ஓதுவேன். ரெண்டு வருஷமாத்தான் தெரியும்."

பதினெட்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓதியவர்கள் அங்கே ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் ஓடியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சின்னவள் கையை நீட்டினாள். "கொண்டாங்க மாமி, அரை மணி நேரத்துல ஓதிருதேன்."

"வேண்டாம். இது நான் ஓத வேண்டியது."

லாத்தா மற்ற புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினாள். "அப்ப நாப்பதுக்குள்ள முடிச்சிட்டு வா. துஆவ அன்னைக்கி வச்சுக்கிடுவோம். அவ காத்துக்கிடுவா." வெளியே மழை. வாசலில் நின்ற உன் மகன் திரும்பினான். உள்ளே போய் ஒரு பாலிதீன் உறையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

தினம் அரை, முக்கால் பக்கம், சில நாள் நான்கு வரி. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு ஃபிரிட்ஜுக்கும் அடுப்புக்கும் இடையில் உட்காருவேன். அதற்கு முன் விரலைத் துடைப்பேன். எண்ணெய் போட்ட பனியன் துணி ஒன்று இப்போதும் என் கைப்பையில் இருக்கிறது. மருமகள் போனில் பொருள் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். முதலில் ஓதி முடிக்கிறேன், பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஒரு காலையில் அந்த இடம் வந்தது. ஓரத்தில் சின்னதாக சஜ்தா என்று போட்டிருக்கிறது. பதினெட்டு வருஷமாகப் பல ஜுஸ்வுகளில் இந்த அடையாளத்தைத் திருப்பிப் போயிருக்கிறேன், ஏதோ பூ வேலை என்று. அந்த வரியை எழுத்தெழுத்தாக ஓதி முடித்து, புத்தகத்தை மூடி வைத்து, தலையைத் தரையில் வைத்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. அவன் அருகில் இருப்பது தெரியும் என்று நீ சொல்வாய். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்ற நினைப்பு மட்டும் இல்லை. அது இல்லாமல் நான் தலை வைத்தது அதுதான் முதல் தடவை. எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். உன்னை நினைத்து அழுதேன்.

இன்று காலை கடைசி வரியை முடித்தேன். நான் பக்கம் மட்டும் புரட்டிவிட்டு வந்த மற்ற மவுத்துகளும் ஞாபகத்தில் இருக்கின்றன. அடுத்தது யாருக்கு என்று யோசித்து வைத்திருக்கிறேன்.

நாளை ஏழு நாற்பது ஸ்லோ லோக்கலில் வருகிறேன். லாத்தா கேட்பாள், முடிச்சாச்சா என்று. முடிச்சாச்சு என்பேன். இதை மறுபடி ஒருவர் உட்கார்ந்து ஓத வேண்டியதில்லை. நீ படுத்திரு.