வேலா என்கிற பெரிய ஆள்

2.6.98 செவ்வாய்

காற்று. கடல் பக்க யன்னல் திறக்க ஏலாது, உப்பெல்லாம் கட்டிலுக்கு வருது. தோய்ச்ச உடுப்பு இன்னும் ஈரம். கரண்ட் இருக்கு, தண்ணி இல்லை.

காலமை கொட்டாஞ்சேனை மீன் சந்தை. கடல் மோசம், வரத்துக் குறைவு. அளந்தது: பாரை 14, சீலா 9, விளை 6. அளக்க எனக்கு இடம் விடுகிறது திரேசா அக்கா மட்டும்தான். "சட்டை தைக்கப் போறியளோ பிள்ளை, இந்த அளவு அளக்கிறியள்?" எண்டா.

நந்தன் (இனி ந., எழுதக் கை நோகுது) பின்னேரம் சுவடிக்கூடத்தால் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. யூனிவேர்சிற்றிக் கம்பசில் எங்கள் இரண்டு பேரின்ட வேலையும் ஒண்டுதான்: மன்னார்க் கரையில் முந்தி என்ன மீன் இருந்தது, இப்ப என்ன இல்லை. அவருக்குச் சரித்திரம், பழைய கடதாசி. எனக்கு விலங்கியல், மீன்; சண்டையால் மன்னார் போக ஏலாது, சந்தைக்கு வாறதை அளக்கிறன். கலியாணம் முடிஞ்சு ஒரு வருஷம். பிடிக்கிற சண்டை முழுக்க இதில்தான். கிளாக்கர் எழுதினதை நம்ப ஏலாது எண்டு நான். மூண்டு வருஷத்து மீனை வைச்சுக் கடலைப் பற்றிக் கதைக்க ஏலாது எண்டு அவர்.

இண்டைக்கும் அதே மீன்வரிப் பதிவேடு, இங்கிலீஸ்காரன் காலத்தில் இங்கிலீசில் எழுதினது; மூண்டு மாதமா அதில் வாற வேலா எண்ட ஆளின்ட கதைதான். நான் வெங்காயம் உரிக்க, அவர் கொப்பியை விரிச்சு வாசிப்பு.

"கேளும் சாந்தி. 'வேலா, ஒன்று, எட்டுப் பேருடன்.' ஆள் வள்ளம், வலை வைச்சிருக்கிற சம்மாட்டியா இருக்கவேணும்."

"ஒன்று எண்டால்?"

"ஒரு வள்ளம். எட்டுப் பேர் வேலைக்கு. வருஷா வருஷம் மழைக்குப் பிறகு வாறான். மற்ற எல்லாருக்கும் ஊர் போட்டிருக்கு, இவனுக்கு மட்டும் இல்லை. 'பெரிய' எண்டு கிளாக்கரே எழுதியிருக்கிறான். வேலாயுதமா இருக்கும், சுருக்கி வேலா."

"என்னைப் பற்றி நீங்கள் இவ்வளவு விசாரிச்சதில்லை."

சிரிச்சார். வெங்காயத்தில் பாதியை வாங்கி உரிச்சுத் தந்தார். தடிப்பாத்தான் வெட்டுவார். பரவாயில்லை.

4.6 வியாழன்

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், ந.வுக்கு சேர்ட் பொத்தான், போர்மலின் (கம்பசில் கேட்க).

ந. இப்ப வேலாவின்ட பெண்சாதியைத் தேடுறார். கொப்பியில் ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி: எங்கே தங்குவான்? மனைவி யார்? ஆட்களை எங்கே எடுத்தான்? பிந்தின பதிவேடுகளில் வேலா இல்லையாம். அதில் ஆளுக்குச் சரியான கவலை. பிட்டைப் பாதியில் விட்டிட்டு, "கொலராவா இருக்குமோ?" எண்டு என்னைக் கேட்டார்.

"வேற கரைக்குப் போயிருப்பான். சாப்பிடுங்கோ."

"ஓம், அப்படியும் இருக்கலாம்." பிறகு சாப்பிட்டார். இந்த மனிசனை என்ன செய்யிறது.

5.6 வெள்ளி

இரண்டரைக்குச் சந்திக் கடை நானா மூச்சு வாங்க மாடிக்கு ஏறி வந்தார். "மிஸ், ஒங்கட மாஸ்டர செக்பொயின்ற்ல எறக்கி ஜீப்புல ஏத்திட்டாங்க. பேக்ல ஏதோ கொப்பியாம்."

எந்தப் பொலிஸ் எண்டு கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம். கொண்டுபோனது: பொலிஸ் பதிவு, கலியாணப் பதிவு, கம்பஸ் கடிதம் இரண்டு, அவரின்ட இருமல் மருந்து. வாசல் வாங்கில் என்னை இருத்தி வைச்சாங்கள். அவரைக் காட்டவில்லை. மருந்தை மட்டும் வாங்கினாங்கள். "ஹெட்ட என்ட, நாளைக்கு வாங்க."

எழுத ஏலவில்லை.

6.6 சனி

எட்டு மணிக்கே போனன். ஒன்பதரைக்கு உள்ளே கூப்பிட்டாங்கள்.

இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயது இருக்கும். சத்தம் போடவில்லை, அதுதான் கூடப் பயம். மேசையில் ந.வின்ட கொப்பி. ந. சுவரோரம் நிண்டார். கண்ணாடி போடவில்லை, தாடி முளைச்சிருந்தது. என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார்.

தமிழ் தெரிஞ்ச ஒரு கொன்ஸ்டபிள் கொப்பியைச் சிங்களத்தில் மாற்றிக் குடுத்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் வாசிச்சார்: "மன்னார். மழைக்குப் பிறகு வள்ளத்தோட வருவான். எட்டுப் பேர். பெரிய ஆள். எங்கே தங்குவான்? ஆட்களை எங்கே எடுத்தான்?" நிமிர்ந்தார். "சொல்லுங்க மிஸ். கவுத மே வேலா? யார் இந்த வேலா?"

ந. சுவரோரமிருந்து, "அந்த ஆள் செத்து நூறு வருஷத்துக்கு மேல, சேர்" எண்டார்.

"செத்த ஆளுக்கு எதுக்கு மாஸ்டர் பெண்சாதி தேடுறீங்க?"

தலையைக் குனிஞ்சன். மேசையில் இன்ஸ்பெக்டரின்ட தாள். நடுவில் பெரிய இங்கிலீஸ் எழுத்தில் VELA, சுற்றி ஒரு வட்டம்.

மூண்டு மாதமாக் காதால் கேட்ட பெயர். இங்கிலீஸ் எழுத்தில் கண்ணால் பார்த்தது இண்டைக்குத்தான். என்ட மீன் பட்டியலில் இதே நாலு எழுத்து இருக்கு. இங்கிலீசில் ல-வும் ஒண்டுதான், ள-வும் ஒண்டுதான். வேலா இல்லை. வேளா. வாள் மாதிரி நீட்டு மூக்கு, இரண்டு பக்கமும் பல். வேளா ஒன்று, பெரியது. எட்டுப் பேர் அவனுக்குக் கீழே வேலை செய்யவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து அவனைக் கரைக்கு இழுத்திருக்கினம்.

"சேர், இது ஆளில்லை. மீன்."

ந. என்னைப் பார்த்த பார்வை!

சிங்களப் பெயர் வாய்க்கு வரவே இல்லை. எத்தனை தரம் படிப்பிச்ச பெயர். தாளை இழுத்துப் படம் கீறினன். அவசரத்தில் மூக்கு வளைஞ்சு போச்சு. இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு வாசலில் நிண்ட வயசான பொலிஸ்கார ராலஹாமியைக் கூப்பிட்டார். அவர் குனிஞ்ச உடனே பெயரைச் சொன்னார். தான் சின்னனா இருக்கேக்கை தங்கட ஊர்க் கரையில் ஒண்டு வலையில் பட்டதாம், ஊரே கயிறு போட்டு இழுத்ததாம். பிறகு கண்டதே இல்லையாம்.

"இழுக்க எட்டுப் பேர் போதுமா?" எண்டு இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ராலஹாமி யோசிச்சார். "பெரிசெண்டால் காணாது, சேர்."

பிறகு கம்பசுக்குப் போன், எங்கட பேராசிரியருக்குப் போன், மூண்டு கையெழுத்து. இரண்டு மணிக்கு விட்டாங்கள். கொப்பியைத் தரவில்லை.

த்ரீவீலர் பிடிச்சம்.

பம்பலப்பிட்டி தாண்ட ந., "மீனோ?"

"ஓம்."

"எட்டுப் பேர்..."

"இழுக்க."

கையைப் பிடிச்சன். வீட்டு வாசல் மட்டும் விடவில்லை. வந்து குளிச்சார், படுத்தார். சேர்ட்டில் இரண்டாவது பொத்தானும் இல்லை.

8.6 திங்கள்

ந. வெளியில் போகவில்லை. கீழே யாராவது பெல் அடிச்சால் எழும்பி நிற்கிறார். ஒரு பக்கம் வெடிச்ச மூக்குக்கண்ணாடியோட பேப்பர் வாசிப்பு. மீன் பொரிச்சன். சாப்பிட்டார்.

பின்னேரம் திடீரெண்டு, "மூண்டு மாதம் அந்த ஆளோட இருந்தனான், சாந்தி. நடை கூடத் தெரியும் எனக்கு. கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பான்."

சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்தது. பக்கத்தில் போய் இருந்தன். மூண்டு வருஷமா மீன் அளக்கிறன், ஒரு வேளா கூடக் கண்டதில்லை எண்டு சொன்னன். காணாததால் இல்லாமல் போனதெண்டும் தெரியாமல் இருந்திட்டன். முந்தி வருஷா வருஷம் வந்தது, பிறகு வரவில்லை. அதைக் கண்டுபிடிச்சது உங்கட கடதாசிதான், என்ட மீன் இல்லை.

"திருப்பிச் சொல்லும்."

"சொல்லமாட்டன்."

"அப்ப எழுதித் தாரும்."

எழுதிக் குடுத்தன். திகதியும் போடச் சொன்னார். மடிச்சுப் பேர்சுக்குள் வைச்சார்.

11.6 வியாழன்

சந்தையில் பாரை 11, சூடை கணக்கில்லை. மழை. செருப்பு வார் அறுந்தது.

திரேசா அக்காவுக்கு வேளாப் படத்தைக் கீறிக் காட்டினன். கத்தியை வைச்சிட்டுப் பார்த்தா. "இதின்ட மூக்குத்தானே பிள்ளை எங்கட அறைக் கதவுக்குப் பின்னால கிடக்குது! தொண்ணூறில சண்டைக்கு மன்னார்ப் பேசாலையால வெளிக்கிடேக்கை எங்கட மனிசன் ரேடியோவை விட்டிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தவர். நான் மூண்டு நாள் அவரோட கதைக்கேல்லை."

ந.விடம் சொன்னன். "எத்தனை அடி?" எண்டார். சனிக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி.

13.6 சனி

ந. வெளிக்கிட்டார். பஸ் ஏறின நேரம் தொட்டு அடையாள அட்டை கையில்தான். வழியில் இரண்டு செக்பொயின்றில் இறங்கி நடக்கவேண்டி வந்தது. இரண்டாவது இடத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டினது. திரும்புவமோ எண்டு கேட்டன். "வேண்டாம்."

கொட்டாஞ்சேனை ஒழுங்கை, இரண்டு அறை வீடு. திரேசா அக்காவின்ட மனிசன் மரியதாஸ் அண்ணைக்குத் துறைமுகத்தில் வேலை. சாக்கை அவிழ்த்து மூக்கை இரண்டு கையாலும் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார். அவரின்ட பாட்டன்ட வலையில் பட்டதாம்.

"தரமாட்டன், தம்பி. அளக்கிறதெண்டால் அளவுங்கோ."

நாலரை அடி. மூக்கு மட்டும். உடம்பையும் சேர்த்தால் இந்த அறைக்குள் கிடத்த ஏலாது. ந. தொடவில்லை, சுற்றி வந்து பார்த்தார். பிறகு முழங்காலில் இருந்து ஒவ்வொரு பல்லாத் தொட்டு எண்ணினார். ஒரு பக்கம் பத்தொன்பது, மற்றப் பக்கம் பதினெட்டு, ஒரு குழி வெறுமை. திரேசா அக்கா பிளேன்ரீ கொண்டுவந்து வைச்சிட்டு, "ரேடியோ எண்டால் பாட்டாவது கேட்டிருக்கலாம்" எண்டா. மரியதாஸ் அண்ணை கேளாத மாதிரி நிண்டார்.

நான் அளக்க, அவர் எழுத எண்டு ஒழுங்கு. புதுக் கொப்பி வாங்கி வந்தவர். முதல் பக்கத்தை விரிச்சுப் பேனையை வைச்சவர் அப்படியே நிண்டிட்டார்.

"மன்னார் எண்டு எழுதலாமோ, சாந்தி?"

"எழுதுங்கோ" எண்டன்.

மேலே, கொட்டை எழுத்தில், 'இது மீன்' எண்டு மூண்டு மொழியிலும் எழுதினார். சிங்களத்தை மரியதாஸ் அண்ணையிடம் காட்டிச் சரி பார்த்தார். பிறகுதான் நீளம் கேட்டார்.